காது ஆபரேஷனுக்குப் பிறகு தலை கறங்கினால்: மாத்திரையா, பொறுமையா, தலையைத் திருப்பும் வைத்தியமா?

குமரி மாவட்டம் குலசேகரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வலது காதில் மாஸ்டாய்டு ஆபரேஷன் நடந்தது. சின்ன வயதிலிருந்தே சீழ் வடிந்த காது. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை டிரில்லால் குடைந்து, கெட்டுப்போன பகுதியை எடுத்து, செவிப்பறைக்கு ஒட்டுப் போட்டு அனுப்பினார்கள். தையல் பிரித்து வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலை, அத்தான் ரப்பர் பால் வெட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலில் படுத்தபடியே வலப்பக்கம் தலையைத் திருப்பிச் செல்போனை எட்டியிருக்கிறாள். "எனக்க கட்டிலு மறியுதே!" என்று ஒரு கூச்சல். அத்தான் நெற்றியில் கட்டிய விளக்கோடு ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக் கிடக்கிறாள். அரை நிமிடம் இருக்கும். தானாகவே நின்றது. எழுந்து உட்கார்ந்தபோது இன்னொரு சுற்று. அதற்கப்புறம் வாந்தி.

எங்கள் ஊர்ப் பக்கம் 'தலை சுத்துது' என்று சொல்வதைவிட 'தல கறங்குது' என்று சொல்வதுதான் அதிகம். பம்பரம் கறங்குவதுபோல. இந்த நோய்க்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்று பின்னால் புரிந்தது. கண் இருட்டிக்கொண்டு வருவது மயக்கம். நடக்கும்போது கால் தள்ளாடுவது வேறு. வெறும் வயிற்றில் வரும் கிறுகிறுப்பு இன்னொன்று. நாம் எல்லாவற்றையும் 'தலைசுற்று' என்ற ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு டாக்டரிடம் போகிறோம். அறையே கறங்கியதா, கண் இருட்டியதா, கால் தள்ளாடியதா என்று சரியாகச் சொல்லிவிட்டால் பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

அன்றைக்கே வீட்டில் யோசனைகள் குவிந்தன. பக்கத்து வீட்டுப் பெரியம்மை பித்தம் தலைக்கேறிவிட்டது, சுக்கு தட்டிப்போட்டுக் கொடு என்றார். அத்தானுக்குப் பிரஷர் என்று சந்தேகம். அக்கா மகள் செல்போனில் ஒரு பயிற்சி வீடியோவை எடுத்து வைத்துக்கொண்டு, "அம்மா, இப்பவே செய்வோம்" என்று நின்றாள். வர்ம வைத்தியம் செய்யும் ஆசானைப் பார்க்கலாம் என்றார் ஒருவர். ஆபரேஷன் செய்த இடத்துக்கே திருவனந்தபுரம் போய்விடலாம் என்றேன் நான். ஒரு மாதத்துக்குமேல் இந்த யோசனைகளில் பெரும்பாலானவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டோம். நான் டாக்டர் இல்லை. ஆனால் எதை முதலில் செய்திருக்க வேண்டும், எது வீண் அலைச்சல் என்று இப்போது சொல்ல முடியும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் எதையும் ஒப்பிட முடியும். உட்காதில் கேட்பதற்கான நத்தைக்கூடு ஒருபக்கம், உடம்பின் சமநிலைக்கான அமைப்பு மறுபக்கம். சமநிலைப் பகுதியில் ஒரு சின்னப் பை; அதில் பசைபோன்ற படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும் எந்தப் பொருளோ அதே பொருள்தான். அந்தப் பையோடு மூன்று அரைவட்டக் குழல்கள் இணைந்திருக்கின்றன, உள்ளே திரவம். துகள்கள் தம் இடத்தில் இருக்கும்வரை நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒட்டு விட்டு ஏதாவது ஒரு குழலுக்குள் விழுந்துவிட்டால், தலையைச் சாய்க்கும்போதெல்லாம் அவை உருண்டு திரவத்தை இழுக்கும். தலை நின்ற பிறகும் திரவம் ஓடும். 'இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறோம்' என்று காது மூளைக்குப் பொய்த் தகவல் அனுப்பும். துகள்கள் கீழே தங்கியதும் எல்லாம் அடங்கும். அதனால்தான் ஒவ்வொரு சுற்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பின்பக்கக் குழல். படுத்தால் அதுதான் பள்ளத்தில் இருக்கிறது. டாக்டர்கள் இதை ஆங்கில எழுத்துகளில் 'பிபிபிவி' என்கிறார்கள்.

இது ஆபரேஷன் இல்லாமலும் வரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, காரணமே இல்லாமல் வருவதுதான் அதிகம். தலையில் அடிபட்டால் வரும். காது ஆபரேஷனில் காரணம் தேடி அலைய வேண்டாம். டிரில்லின் அதிர்வு எலும்பு வழியாக உட்காதுக்குப் போகிறது. மாஸ்டாய்டு, கேட்காத காதுக்குக் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட், காதின் குட்டி எலும்புக்குப் பதில் பிஸ்டன் வைக்கும் ஸ்டேப்பிஸ் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் பிறகு இது வந்ததாக மருத்துவ இலக்கியத்தில் பதிவுகள் உண்டு. மணிக்கணக்கில் தலையை அசைக்காமல் ஒருபக்கமாகத் திருப்பி வைத்திருப்பதும், பிறகு நாள்கணக்கில் ஒரே பக்கம் படுப்பதும் சேர்ந்துகொள்கின்றன. இதனால் ஆபரேஷன் செய்யாத காதில் வந்தவர்களும் உண்டு. ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்பதற்கு இது அடையாளம் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் எங்கள் வீட்டில் பல இரவுத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் 'எந்த வைத்தியம்' என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: இது துகள் கறக்கம்தானா? ஆபரேஷன் ஆகாத ஆளுக்கு இதில் கொஞ்சம் அலட்சியமாக இருக்கலாம். காதைத் திறந்து மூடியவருக்கு அப்படி இல்லை. அசையாமல் படுத்திருக்கும்போதும் மணிக்கணக்கில் கறங்கினால் அது உட்காது அழற்சியாக இருக்கலாம். இருமும்போதோ, முக்கும்போதோ, பெரிய சத்தம் கேட்கும்போதோ கறங்கினால் உட்காதில் ஓட்டை விழுந்து திரவம் கசியலாம். கேட்டுக்கொண்டிருந்த காது திடீரென்று மந்தமானால், முகம் ஒருபக்கம் கோணினால், காய்ச்சலும் கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர்போல ஒழுகினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாக்குக் குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, கைகால் துவள்வது, நிற்கவே முடியாமல் சாய்வது எல்லாம் பக்கவாதத்தின் பக்கம் போகும் விஷயம். அங்கே கட்டுரை படிக்க நேரமில்லை, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

துகள் கறக்கத்துக்கு ஒரு தனி முகம் இருக்கிறது. படுக்கும்போது, எழும்போது, புரளும்போது, நிமிர்ந்து மேலே பார்க்கும்போது வரும். அக்காவுக்கு இரண்டாவது பெரிய சுற்று வந்தது, ரப்பர் ஷீட்டைக் கொடியில் காயப்போட அண்ணாந்தபோது. குனிந்து முறத்தைப் புடைக்கும்போது லேசாக. அசையாமல் உட்கார்ந்து டிவி பார்த்தால் ஒன்றுமே இல்லை. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதியிருந்தாலே போதும், டாக்டர் பாதி வழி வந்திருப்பார்.

சரி, அதுதான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வழி, சும்மா இருப்பது. இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. உண்மையில் இது கௌரவமான வழி. துகள்கள் கரைந்தோ, தானாக வெளியேறியோ, நிறையப் பேருக்குச் சில வாரங்களில் கறக்கம் நின்றுவிடுகிறது. பணச்செலவு இல்லை, புதுக்காயத்தை யாரும் அசைப்பதில்லை. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில், கட்டு இன்னும் இருக்கும்போது, பெரும்பாலான சர்ஜன்கள் சொல்லப்போவதும் இதுதான்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தச் சில வாரங்களை எப்படிக் கழிப்பது? குளச்சலில் வள்ளத்தில் போகிறவருக்கும், தென்னையில் ஏறுகிறவருக்கும், இருட்டில் சரிவான தோட்டத்தில் மரத்துக்கு மரம் நடக்கும் பால்வெட்டுக்காரருக்கும் 'பொறுத்திரு' என்பதற்கு 'வேலைக்குப் போகாதே' என்று அர்த்தம். வயதானவர்களுக்கு இன்னும் மோசம். இரவில் பாத்ரூமுக்கு எழுந்து, ஒரு கறக்கத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பொறுமையின் கணக்கு லட்சத்தில் முடியும். அக்காவுக்கு 53 வயது. வீட்டுக்குள் நடக்கலாம், துணைக்கு ஆள் உண்டு. அவளைப் போன்றவருக்கு ஓரிரு வாரம் பொறுப்பதில் தப்பில்லை. பயம்தான் பொறுக்க விடாது. அவள் ஒரு வாரம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். கழுத்து பிடித்துக்கொண்டது. இந்தக் கழுத்துவலி அப்புறம் ஒரு தனிக் குழப்பத்தைக் கொண்டுவந்தது.

இரண்டாவது வழி மாத்திரை. நம் ஊரில் இதுதான் முதல் வழி, பலருக்குக் கடைசி வழியும்கூட. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். பெயர் வேண்டாம். அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று முடிவாகிவிட்டது. ஒரு ஊசி, கழுத்துக்குப் பட்டை, பீட்டாஹிஸ்டின், கூடவே வாந்தியை அடக்க ஒன்று, 15 நாளைக்கு. காதில் ஆபரேஷன் நடந்ததைச் சொன்னோம், தலையாட்டினார். தலையைச் சாய்த்து ஒரு தடவை கண்ணைப் பார்க்கவில்லை. அந்தச் சோதனைக்கு ஒரு கட்டிலும் ஒரு நிமிடமும் போதும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. 15 நாள் முடிந்தது, இன்னொரு 15 நாளுக்கு எழுதினார்.

மாத்திரைகளை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. வெர்டின் என்ற பெயரில் பலரும் அறிந்த பீட்டாஹிஸ்டின் மெனியர் என்ற வேறொரு காது நோய்க்காக வந்தது. ஸ்டெமெட்டில் போன்றவை குமட்டலை நன்றாகவே அடக்கும். வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டவருக்கு முதல் இரண்டு மூன்று நாள் அது பெரிய உதவி. ஆனால் எந்த மாத்திரையும் குழலுக்குள் விழுந்த துகளை வெளியே எடுக்காது. அலாரம் அடிக்கும்போது காதில் பஞ்சை வைத்துக்கொள்வதுபோலத்தான். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2017-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி நெறிகளும், இந்த நோய்க்கு வழக்கமாக இம்மருந்துகளை எழுதிக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கின்றன. நாள்கணக்கில் தொடர்ந்தால் தூக்கக்கலக்கம், வயதானவர்கள் விழும் ஆபத்து. ஸ்டெமெட்டில், சின்னரிசின் இரண்டையும் மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்குக் கைநடுக்கம், உடல் இறுக்கம் என்று பார்க்கின்சன் போன்ற தொல்லைகளும் வரலாம். கடைக்காரரிடம் பழைய சீட்டை நீட்டி மறுபடி மறுபடி வாங்கும் பழக்கம் நமக்கு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது வழிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிட்டத்தட்ட ஒரு மாதம் ஓடியிருந்தது. நாகர்கோவிலில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர். அவர் முதலில் கேட்டது ஆபரேஷன் சீட்டு. அதைப் படித்துவிட்டு, ஆபரேஷன் செய்த சர்ஜனுக்குப் போன் போட்டார். ஒட்டு பிடித்துவிட்டதா, தலையைத் தொங்கவிட்டுத் திருப்பலாமா என்று கேட்டுக்கொண்டார். இரண்டு நிமிடப் பேச்சு. எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

பிறகு அக்காவைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, "கண்ணை மட்டும் மூடாதீங்கம்மா. எவ்வளவு கறங்கினாலும் என் மூக்கையே பாருங்க" என்று சொல்லிக்கொண்டே சட்டென்று பின்னால் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஒன்றும் இல்லை. அப்புறம் தொடங்கியது. அக்காவின் கருவிழி கடிகார முள்போல ஒருபக்கமாகச் சுழன்று, கூடவே மேல்நோக்கி வெடுக் வெடுக்கென்று இழுத்தது. அவள் அவருடைய கோட்டைப் பிடித்த பிடியில் ஒரு பட்டன் தெறித்தது. இருபது நொடியில் விழி மெல்ல மெல்ல நின்றது. "வலது, பின்குழல்" என்றார். ஒரு மாதமாக நாங்கள் தேடியது அவ்வளவுதான். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் எழுதிவைத்த சோதனை அது.

அங்கிருந்தபடியே எப்ளே முறை. அசைவைப் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். தலை அதே நிலையில் அரை நிமிடம், கறக்கம் அடங்கும்வரை. பிறகு தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பி மறுபடி அரை நிமிடம். அப்புறம் உடம்போடு சேர்த்து இடப்பக்கம் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி இன்னொரு அரை நிமிடம். கடைசியில் இடப்பக்கமாகவே எழுப்பி உட்காரவைக்க வேண்டும். வளைந்த குழாய்க்குள் மாட்டிய கோலிக்குண்டைக் குழாயைத் திருப்பித் திருப்பி வெளியே உருட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மூளைக்கோ நரம்புக்கோ செய்யும் வைத்தியம் அல்ல, வெறும் புவியீர்ப்பு. ஜான் எப்ளே என்ற அமெரிக்கக் காது மருத்துவர் இதை விரிவாக எழுதி வெளியிட்டது 1992-இல். இவ்வளவு எளிய விஷயத்தில் ஒரு நோய் தீரும் என்று சக டாக்டர்களே நெடுநாள் நம்பவில்லையாம். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோது எனக்கும் ஏதோ மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்களோ என்றுதான் தோன்றியது.

பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒன்றிரண்டு தடவையில் இது கேட்கிறது. அடிபட்டதாலோ அதிர்ந்ததாலோ வந்திருந்தால் கூடுதலாகச் சில தடவை தேவைப்படலாம். அக்காவுக்கு முதல் தடவையில் முக்கால்வாசி போனது, ஒரு வாரம் கழித்து இரண்டாவது தடவையில் முழுதும். நடுவில் சில நாள் மேகத்தின்மேல் நடப்பதுபோல ஒரு மிதப்பு இருந்தது; அது சகஜம். முன்பெல்லாம் இதற்குப் பின் இரண்டு நாள் படுக்கக்கூடாது, குனியக்கூடாது என்பார்கள். அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை என்றே இப்போது சொல்கிறார்கள். ஆபரேஷன் செய்த காதுக்காக சர்ஜன் சொன்ன கட்டுப்பாடுகள் வேறு, அவை அப்படியே இருக்கும்.

எப்ளேயா, செமான்டா என்ற கேள்வி சிலருக்கு வரும். செமான்ட் முறை பிரான்சிலிருந்து 1988-இல் வெளிவந்தது. அதில் தலையைத் தொங்கவிடுவதில்லை. உட்கார்ந்தவரை ஒருபக்கமாகச் சாய்த்து, பிறகு ஒரே வீச்சில் மறுபக்கம் தூக்கிச் சாய்க்கிறார்கள். பலனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கழுத்தைப் பின்னால் வளைக்க முடியாதவருக்குச் செமான்ட் நல்லது. கனத்த உடம்பு, இடுப்புவலி என்றால் அந்த வீச்சு கஷ்டம், எப்ளே நல்லது. புது ஆபரேஷன் காதுக்கு, அந்த வேகமான வீச்சைவிட நிதானமான எப்ளேதான் என் மனதுக்கு ஒத்துப்போகிறது. ஸ்டேப்பிஸ் ஆபரேஷன் என்றால் எதுவாக இருந்தாலும், எத்தனை நாள் கழித்து என்பதைச் செய்த சர்ஜனே சொல்ல வேண்டும். அங்கே உட்காதின் ஜன்னலிலேயே துளை போட்டிருக்கிறார்கள்.

இனி அக்கா மகளின் செல்போன் வீடியோ. நான்காவது வழியான வீட்டுப் பயிற்சியை நான் மட்டமாகச் சொல்லவில்லை. 1980-இல் பிராண்ட், டாரோஃப் இருவரும் சொன்ன பயிற்சி மிகப் பிரபலம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி ஒருபுறமாகச் சாய்ந்து படுப்பது, அரை நிமிடம், எழுந்து அரை நிமிடம், மறுபுறம் அதேபோல. ஐந்து தடவை, நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வாரம். எந்தக் காது என்று தெரியாவிட்டாலும் செய்யலாம் என்பது இதன் வசதி. ஆனால் முதல் வாரத்தில் ஒப்பிட்டால் எப்ளே வெகுதூரம் முந்திவிடுகிறது. அதோடு, நாளுக்கு முப்பது தடவை வேண்டுமென்றே கறக்கத்தை வரவழைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அக்கா இரண்டாம் நாளே "போடி பிள்ளே, நீ செய்யி" என்று விட்டுவிட்டாள்.

எப்ளேயையே வீட்டில் செய்துகொள்ளலாம், அதற்கும் வீடியோ உண்டு. இங்கே இரண்டு சிக்கல். எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரிய வேண்டும். சிலருக்குத் துகள் விழுவது பக்கவாட்டுக் குழலில். இரண்டு பக்கம் புரண்டாலும் பலமாகக் கறங்கும். அவர்களுக்கு எப்ளே உதவாது, உடம்பையே தடியை உருட்டுவதுபோல ஒரு முழுச்சுற்று உருட்டும் வேறு முறை இருக்கிறது. இரண்டாவது, நம் விஷயமே ஆபரேஷன் ஆன காது. உள்ளே ஒட்டு பிடிக்கும் முன், ஒரு வீடியோவை நம்பித் தலையைத் தொங்கவிட்டு ஆட்டுவதற்கு எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார். ஒரு தடவை டாக்டர் கையால் செய்து, பக்கம் உறுதியாகி, 'இனி வந்தால் வீட்டில் செய்யுங்கள்' என்று அவரே சொல்லிக் கொடுத்தால் கதை வேறு. இப்போது அக்கா மகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். செல்போன் வீடியோவுக்கும் டாக்டருக்கும் சண்டை இல்லை, வரிசைதான் முக்கியம்.

ஆசான் விஷயத்துக்கு வருகிறேன். குமரி மாவட்டத்தில் வர்மத்தைத் தவிர்த்துவிட்டு வைத்தியம் பற்றி எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். சுளுக்கு, அடி, முறிவு என்றால் இன்றைக்கும் பாதிப் பேர் ஆசான் வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள். நானும் நின்றிருக்கிறேன். அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லும் படுவர்மம் பன்னிரண்டில் ஒன்றுக்குப் பெயரே செவிக்குத்தி காலம். காதின் பக்கத்தில் அடி விழக்கூடாது என்று அந்த மரபுக்கே நன்றாகத் தெரியும். அத்தான் போய்க் கேட்ட ஆசான், வெட்டி ஒட்டிய காது என்றதும் கையை வைக்க மறுத்துவிட்டார். "காயம் உணங்கட்டும், முதல்ல வெட்டின டாக்டரைக் கேளு" என்றாராம். நல்ல ஆசானுக்கு அடையாளம் அது. கேட்காமலேயே கழுத்தைப் பிடித்துச் சொடுக்குகிறவரிடமும், காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுகிறவரிடமும் போகாதீர்கள். ஒட்டுப் போட்ட செவிப்பறையில் எண்ணெய் விட்டால் ஆபரேஷனே வீணாகலாம். சுக்குத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். வாந்திக்குப் பிறகு வயிற்றுக்கு இதமாக இருக்கும், துகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எதற்கும் அடங்காமல் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வருபவர்களுக்குக் குழலையே அடைத்துவிடும் ஆபரேஷன் ஒன்று உண்டு. மிக அபூர்வம். பெயருக்குச் சொல்லிவைக்கிறேன்.

எங்கே போவது என்பதும் ஒரு தேர்வுதான், எங்கள் மாவட்டத்தில் அது எப்போதுமே இரண்டு திசைத் தேர்வு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்கள். பெரிய நோய் என்றால் வடக்கே திருவனந்தபுரம் என்பது தாத்தா காலத்துப் பழக்கம். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஆனால் துகள் கறக்கம் உள்ளவரை மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நெரிசலில் குலுங்கிக் குலுங்கிக் கூட்டிப்போவது ஒரு தண்டனை. இதற்குப் பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. விஷயம் தெரிந்த ஒரு கையும் ஒரு கட்டிலும் போதும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தனி டாக்டர்கள் இருக்கிறார்கள். போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பீர்களா, எப்ளே செய்வீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்னால் சொன்ன அபாய அறிகுறிகள் இருந்தாலோ, ஸ்டேப்பிஸ் ஆபரேஷன் என்றாலோ மட்டும் நேராகச் செய்த இடத்துக்கே.

மறுபடி எனக்கு இது நடந்தால் என் வரிசை இப்படி: முதல் நாளே சர்ஜனுக்குப் போன். அவர் பொறு என்றால் பொறுப்பேன், வாந்திக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் மாத்திரை. தலையை அசைக்கலாம் என்று அவர் சொன்ன அன்றே, எப்ளே தெரிந்த டாக்டர். வீட்டுப் பயிற்சி அதற்கு அப்புறம். ஒரு மாதம் மாத்திரை என்பது என் வரிசையில் எங்கேயும் இல்லை.

இது திரும்ப வரக்கூடிய நோய் என்பதையும் மறைக்கக்கூடாது. ஐந்து வருடத்தில் பாதிப் பேர் வரைக்கும் மறுபடி வருவதுண்டு. வைட்டமின் டி குறைவாக இருப்பவர்கள் அதைச் சரிசெய்துகொண்டால் திரும்ப வருவது குறைகிறது என்று 2020-இல் கொரியாவிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. அக்காவுக்குப் பார்த்ததில் குறைவாகத்தான் இருந்தது. இவ்வளவு வெயிலில் ரப்பர் ஷீட் காயப்போடுகிறவளுக்கு எப்படிக் குறைந்தது என்று அத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மர நிழலில் முழுக்கை சட்டையோடு நின்றால் குறையாமல் என்ன செய்யும்?

கடைசியாக, போகும்போது என்ன எடுத்துப் போவது. ஆபரேஷன் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை. எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது, எத்தனை நொடி என்று எழுதிய ஒரு தாள். அக்கா நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதியிருந்தாள், டாக்டர் அதை வாங்கித் தன் ஃபைலிலேயே சொருகிக்கொண்டார். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம், இரண்டு இட்லி போதும். ஒரு பிளாஸ்டிக் கவர், ஒரு துண்டு. கறக்கம் உள்ளவர் பைக்கை ஓட்டவும் கூடாது, பின்னால் ஒருக்களித்து உட்காரவும் கூடாது. பஸ்ஸில் முன்பக்க சீட் கிடைத்தால் தூரத்து ரோட்டைப் பார்த்தபடி போகலாம். திரும்பும்போது அக்கா தக்கலையில் இறங்கி ஒரு சாயா குடித்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக, டம்ளரின் கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்தாள்.